மூன்று கவர்களிலும் ஒரே சேறு

மூன்று வருடங்களுக்கு முன், மழை ஓய்ந்த தை மாதத்தில் கோவளத்தில் நடந்தது இது. தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன், வீடு அஸ்தினாபுரத்தில். அப்போது பிஎச்.டி.க்காக உப்பங்கழி மீன்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன். கடல் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கிற அந்தச் சின்ன இடத்தில் இத்தனை வகை மீன்கள் எப்படி ஒன்றாகப் பிழைக்கின்றன என்பதுதான் என் கேள்வி. மடவை சேற்றை மேயும். கிழங்கான் மணலைக் கிளறிப் புழு தின்னும். கொடுவா சின்ன மீன்களைத் துரத்திப் பிடிக்கும். ஆளுக்கொரு சாப்பாடு, ஆளுக்கோர் இடம். இதைச் சும்மா சொன்னால் போதாது. மீன் வயிற்றை அறுத்து, உள்ளே இருப்பதைப் பார்த்து எழுத வேண்டும்.

மீன் பிடித்துத் தர அந்த ஊர்க்காரர் ஒருவர் கிடைத்தார். ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேச மாட்டார். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். சனிக்கிழமை காலையில் போனால் மூன்று கவர்களில் மீன் தருவார்: முகத்துவாரத்தில் பிடித்தது, நடுக்கழியில் பிடித்தது, உள்ளே கோரைப்புல் பக்கம் பிடித்தது. ஐஸ் பெட்டியில் வைத்து பஸ் ஏறிவிடுவேன்.

இரண்டு மாதம் போனதும் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. முகத்துவாரத்தில் தரை முழுக்க மணல். அங்கே மேய்ந்த மடவையின் வயிற்றில் மணல் இருக்க வேண்டும். ஆனால் மூன்று கவர் மடவையிலும் ஒரே கறுப்புச் சேறுதான். ஒரு வாரம் அப்படி என்றால் பரவாயில்லை. எல்லா வாரமும் அப்படியே.

அதன் பிறகு அவர் செய்வதெல்லாம் தப்பாகவே தெரிந்தது. நான் போனால் போனை வைத்துவிடுவார். "எல்லாத்தையும் எழுதிக்கினு இன்னா மேடம் பண்ணுவீங்க?" என்று ஒன்றுக்கு நாலு முறை கேட்டார். நானும் படகில் வருகிறேன் என்றால், "வெயிலு, உங்களுக்கு ஒத்துக்காது" என்பார். காலை ஆறரை மணிக்கு என்ன வெயில்?

ஒரு வியாழக்கிழமை, கல்லூரி லீவு. போன் பண்ணி, "இன்னிக்கே மீன் வேணும், எட்டு மணிக்கு வரேன்" என்றேன். ஏழு மணிக்கே போய் இறங்கினேன். ஏலம் நடக்கிற இடத்துக்குப் பின்னால், கரையில் ஏற்றி வைத்திருந்த படகின் மறைவில் நின்றேன். இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவர் மீன் விற்கும் ஓர் அக்காவின் கூடையிலிருந்து மீனை அள்ளி, மூன்று கவர்களிலும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

நேராகப் போய் நின்றேன். "என்னண்ணா இது? மூணும் ஒரே கூடையா? இத்தனை நாளா என்னை ஏமாத்திட்டு இருந்தீங்களா?" என்று கத்திவிட்டேன். மீன் வாங்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையில் பிடித்த கவரோடு தலையைக் குனிந்துகொண்டார்.

பேசியது அந்த அக்காதான். "ஆமா, ஒரே எடத்து மீனுதான். அதுக்கு இன்னா இப்போ? உன்ன மாதிரியே ஒருத்தரு நோட்டோட வந்தாரு. நல்லாத்தான் பேசினாரு. எங்க எந்த மீனு கீதுன்னு நாங்களே படகுல இட்டுகினு போய் காட்டினோம். அடுத்த வருசமே அங்க வேலி போட்டு எறால் பண்ணை வச்சிட்டாங்க. எங்க ஆளுங்க இன்னிக்கி வரைக்கும் அந்தப் பக்கம் போக முடியல."

"அக்கா, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. படிக்கிறதுக்காகத்தான் கேட்கிறேன்."

"அவரும் அதான் சொன்னாரு."

அப்போதுதான் அண்ணா மெதுவாகச் சொன்னார்: "அந்த எடம் என் ஒருத்தனுது இல்ல மேடம். இன்னிக்கி ஒரு வூட்டுக்கு மொறைன்னா, நாளைக்கி வேற வூட்டுக்கு. ஓரத்துல பொம்பளைங்க கையால தடவி எறால் புடிப்பாங்க, அங்க நாங்க வலை போட மாட்டோம். எல்லாருக்கும் பொதுவானத நான் மட்டும் எப்படி உங்களுக்குக் காட்டறது? முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லவும் வாய் வரல."

மீன்கள் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று இரண்டு மாதமாக மீன் வயிற்றை அறுத்துக்கொண்டிருந்தவள், கரையில் இருக்கிற மனிதர்களிடம் அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

அன்று ஐஸ் பெட்டி காலியாகத்தான் வீடு திரும்பியது. என் ஆராய்ச்சி வழிகாட்டியிடம் உண்மையைச் சொல்லி, இரண்டு மாதக் குறிப்புகளையும் ஒதுக்கி வைத்தேன். "வேற ஊர்ல வேற ஆளைப் பாரும்மா" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எல்லார் முன்னாலும் ஒரு மனுஷரைத் திருடன்போல நிறுத்திவிட்டு எப்படி வேறு ஊருக்குப் போவது?

சனிக்கிழமை மறுபடி போனேன். அதே இடத்தில், அதே ஆட்கள் நடுவில், "கத்தினது தப்புண்ணா" என்றேன். நோட்டை அந்த அக்காவின் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். இடங்களின் பெயரை எங்கேயும் எழுத மாட்டேன், அ, ஆ, இ என்று மட்டும் போடுவேன் என்றேன். அக்கா நோட்டைப் புரட்டிவிட்டு, "எங்க ஆளுங்கள கேட்டு சொல்றோம்" என்று திருப்பித் தந்தார். என் முகத்தை நம்பியதாகத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து, மீன் வாங்க வரச் சொல்லி அண்ணாவிடமிருந்து போன் வந்தது. அந்தச் சனிக்கிழமை கிடைத்த முதல் கவரிலிருந்து முகத்துவாரத்து மடவையை அறுத்தபோது கத்தியில் நறநறவென்று மணல் பட்டது. ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

ஆராய்ச்சி முடிந்து பட்டமும் வாங்கிவிட்டேன். அவர்கள் எனக்கு எல்லா இடத்து மீனையும் கொடுத்தார்களா, நல்ல இடம் ஒன்றைக் கடைசிவரை ஒளித்துவைத்தார்களா என்பது இன்றைக்கும் தெரியாது. ஒளித்திருந்தால் அது அவர்கள் உரிமை. யாராவது என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று இப்போது சந்தேகம் வந்தால், எனக்கு முன்னால் அவர்களிடம் யார் வந்து போயிருப்பார்கள் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.