அண்ணன் கழுவிய சுடுதண்ணீர்த் தொட்டி

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகின்ற இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். பெரிய மனிதர்களுக்கு எழுதும் அடைமொழிகளை அண்ணனுக்குப் போட்டால், "யாரைப் பத்தி எழுதியிருக்க பாப்பா?" என்று கேட்பார். ஆகவே உங்கள் அனைவருக்கும் தெரிந்த அண்ணனைப் பற்றியே எழுதுகிறேன்.

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். அப்பா எங்கள் சிறுவயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா கொழுந்து பறித்து எங்களை வளர்த்தார். மழையில் நனைந்து, அட்டைக் கடியோடு மலையிலிருந்து இறங்கி வரும் அம்மாவுக்கு வெந்நீர் காய்ச்சி வைப்பது அண்ணனின் வேலை. ஈர விறகை ஊதி ஊதி அவர் கண்கள் சிவந்து கிடக்கும். சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திக்கொண்டு பசறையில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன், பதுளையில் வாழ்க்கைப்பட்டேன். அதன் பிறகுதான் அவர் தம் கல்யாணத்தையே யோசித்தார்.

பசறைக்கு மேலே சிறு துண்டுக் காணியில் வீடு கட்டி அம்மாவை அழைத்து வந்தபோது, அம்மாவின் விரல்கள் காலையில் மடங்கிக்கொண்டு திறக்க மறுத்தன. ஆயுள் முழுக்கக் குளிரிலும் மழையிலும் கொழுந்து கிள்ளிய கைகள் அவை. வெந்நீரில் சற்று நேரம் வைத்தால்தான் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியும். அதற்காகவே அண்ணன் குளியலறைச் சுவரில் ஒரு கீசரைப் பொருத்தினார்.

எங்கள் தண்ணீர் மலையூற்றிலிருந்து குழாயில் வருவது. மழை பெய்தால் சாயத் தண்ணீர் நிறத்தில் வரும். அந்த வண்டலெல்லாம் கீசர் தொட்டியின் அடியில் படிந்துவிடும். அதனால் பௌர்ணமிதோறும் வரும் போயா விடுமுறை தவறாமல் அண்ணன் தொட்டியைக் கழுவுவார். மெயின் சுவிட்சை நிறுத்தி, தண்ணீர் ஆறும்வரை காத்திருந்து, அடிக் குழாயைத் திறந்து மண்ணை வெளியேற்றுவார். பிறகு தொட்டியை நிரப்பி, சுடுதண்ணீர்க் குழாயில் காற்று கக்காமல் சீராகத் தண்ணீர் வந்த பிறகே சுவிட்சைத் தொடுவார். போயாவுக்கு வந்த விருந்தாளிகள் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். டோர்ச் பிடித்து நிற்கும் அண்ணி அந்த விருந்தாளிகளிடம் முறையிடுவார்.

"சுவத்துல ஏறி உக்காந்திருக்காளே, அவதான் மூத்த தாரம். நான் ரெண்டாவதா வந்தவ."

"மூத்தவ எவ்வளவு சூடானாலும் சத்தம் போடமாட்டா," என்பார் அண்ணன், தலையைத் திருப்பாமலே.

கீசர் வந்த புதிதில் அம்மா ஒரு காரியம் செய்தார். தண்ணீர் சூடாகும்போது அதன் பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடியும். அம்மா கொய்யாக் குச்சியொன்றைச் சீவி, துணி சுற்றி, அந்த வாயை இறுக அடைத்துவிட்டார். லயத்தில் குழாய் ஒழுகினால் அப்படித்தான் அடைப்பார்கள். கடையிலிருந்து வந்த அண்ணன் அதைக் கண்டதும் பதறி ஓடினார். முதலில் சுவிட்சை நிறுத்தினார்.

"அம்மா, இது சொட்டணும்மா. சூடானா தண்ணி பெருகும். போக வழியில்லேன்னா தொட்டி வெடிச்சிரும்."

"பீலியில ஒரு குடம் தண்ணிக்குக் காத்துக் கெடந்தவ நான். கண்ணு முன்னால வீணாப் போறதைப் பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

அண்ணன் குச்சியைப் பிடுங்கி எடுத்தார். மறுநாள் அந்த வாயில் ஒரு குழாயைச் செருகி, அதன் நுனியை வாளிக்குள் விட்டார். வாளித் தண்ணீர் அம்மாவின் கொச்சிக்காய்ச் செடிகளுக்குப் போயிற்று. அம்மாவுக்கும் மனம் ஆறியது. கடிந்து பேசாமல் காரியத்தை முடிக்கும் அந்தக் குணம் எனக்கு வரவில்லை. என் வீட்டுக்காரர் இதை வாசித்துவிட்டுத் தலையாட்டுவார்.

நெஞ்சு வலியென்று பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் அண்ணனுக்கு அதே கவலைதான். "அம்மாவுக்குச் சுடுதண்ணி குடுத்தீங்களா? போயாவுக்கு வந்துருவேன், வந்து கழுவிக்கிறேன்," என்றார். போயாவுக்கு முன்பே வந்தார், பெட்டியில்.

அன்றிலிருந்து அம்மா கீசரைப் போட விடவில்லை. "அவன் பார்த்துக்கிட்டான், வெடிக்காம இருந்துச்சு. இனி யாரு இருக்கா? யாரும் தொடக்கூடாது," என்று சொல்லிவிட்டார். அடுப்பில் காய்ச்சிய வெந்நீரையும் ஒதுக்கினார். மகன் மண்ணுக்குள் குளிரில் கிடக்கும்போது தனக்கு எதற்கு என்று கேட்டுக்கொண்டு பச்சைத் தண்ணீரிலேயே குளித்தார். விரல்கள் முழுக்க மடங்கிப்போயின. நான் தேநீரை ஊட்டிவிட்டேன். அண்ணனோடு அம்மாவையும் இழந்துவிடுவோம் என்று பயந்தேன்.

கருமாதிக்கு முன்பே போயா வந்தது. மூலையில் பாயில் கிடந்த அண்ணி எழுந்தார். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, டோர்ச்சை என் கையில் கொடுத்து, "புடிங்க," என்றார். இத்தனை காலம் வெளிச்சம் பிடித்து நின்ற அண்ணி, அத்தனையையும் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். அடிக் குழாயைத் திறந்ததும் செந்நிற வண்டல் வாளியில் இறங்கியது.

"அத்தை, இது அவரு இருந்த மாசத்து மண்ணு," என்றார் அண்ணி, எட்டி நின்ற அம்மாவைப் பார்த்து. பிறகு வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன்.

அம்மா வாளியை வாங்கிக்கொள்ள வந்தார். கை பிடிக்கவில்லை. நான்தான் அதைக் கொச்சிக்காய்ச் செடிகளின் அடியில் ஊற்றினேன். அண்ணி தொட்டியை நிரப்பி, தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்சைப் போட்டார். அம்மா குளியலறை வாசலில் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து வாளியில் முதல் சொட்டு விழுந்தது.

"சொட்டுது," என்றார் அம்மா. "சரியாத்தான் செஞ்சிருக்க பிள்ள."

பிறகு கைகளை வெந்நீரில் வைத்தார். விரல்கள் மெல்ல மெல்லத் திறந்தன. திறந்த கையால் அண்ணியின் கையைத்தான் முதலில் பிடித்தார்.

அண்ணனைத் தோளில் சுமந்தவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் இரவு பகலாகத் துணை நின்ற கடை நண்பர்களுக்கும், லுணுகலையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் மழையில் வந்து சேர்ந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. மயானத்திலிருந்து திரும்பியவர்கள் குளிப்பதற்கு அண்டாவில் வெந்நீர் காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டாரை மறக்கமாட்டோம். வழமைபோல எல்லோரும் வீட்டுக்கு வந்து போக வேண்டும். போயாவுக்கு வருகிறவர்கள் மட்டும் குளிப்பதற்குக் கொஞ்சம் பொறுத்திருங்கள். அண்ணி கீசரைக் கழுவிக்கொண்டிருப்பார்.