வாக்காளர் அழகேசன்

ஈரமான பழைய நாளிதழின் மேல் நெத்திலியைக் கொட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளி, அதோடு வருகிற குடலை இழுத்து ஓரமாகப் போடுவார் அழகேசன். சிங்கப்பூரில், எங்கள் ஆங் மோ கியோ வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் ஆய்வது அவர் வேலை. யாரும் சொல்லி வந்த வேலையில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்பு உள்ளறைக்கு வாடகைக்கு வந்த முதல் ஞாயிறே, "குடுங்கக்கா, நீங்க செஞ்சா தலையோட பாதி மீனு போயிடும்" என்று தட்டை வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் என் கைக்கு அது திரும்பி வரவில்லை.

ஊர் மன்னார்குடிப் பக்கம். வயது ஐம்பத்தொன்று. ஏர்கான் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். சிங்கப்பூருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இங்கே எல்லோரும் பேச்சின் முடிவில் போடுகிற 'லா' இன்னும் அவரிடம் ஒட்டவில்லை. மேட்டூர் அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்று பார்க்காமல் காலைக் கோப்பியில் வாய் வைக்க மாட்டார். இத்தனைக்கும் அவருக்கு ஒரு குழி வயல் கிடையாது. ஞாயிறு மாலை தேக்கா சந்தைப் பக்கம் கூடும் ஊர்க்காரர்கள் இந்தியாவைத் திட்டினால், கூடச் சேர்ந்து அவர்களைவிட நன்றாகத் திட்டுவார். அதையே இந்த ஊரில் பிறந்த என் கணவர் வடிவேலு சொன்னால் வந்தது வினை. ஒருமுறை இவர், இந்தியாவில் ரயிலில் போய்ப் பட்ட பாட்டைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அழகேசன் தட்டை மூடிவிட்டு எழுந்தார். "வயிறு சரியில்லண்ணே." அவருக்கு மூன்று நாள் வயிறு சரியாகவில்லை.

கம்பெனி தருகிற விடுப்பை அவர் தீபாவளிக்கு எடுப்பதில்லை, பொங்கலுக்கு எடுப்பதில்லை. தேர்தலுக்கு எடுக்கிறார். நாடாளுமன்றமோ சட்டமன்றமோ ஊராட்சியோ, எது வந்தாலும் ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவார். ஊரில் மாடி வைத்துக் கட்டிய சொந்த வீட்டுக்கு, மனைவி சிவகாமசுந்தரி கொழுந்தனைத் துணைக்கு வைத்துக்கொண்டு பால் காய்ச்சினார். கிரகப்பிரவேசத்துக்குக்கூடவா போகக்கூடாது என்று கேட்டேன்.

"ரெண்டு மாசத்துல எலெக்ஷன் வருதேக்கா. ரெண்டு தடவ லீவு எவன் தருவான்?"

திரும்பி வரும்போது இடது ஆட்காட்டி விரலில் மை இருக்கும். அந்த விரலை மட்டும் மடக்காமல் நீட்டிக்கொண்டு கோப்பி குடிப்பார். மை படிந்த நகத்தை வெட்டமாட்டார். போன தடவை அது ஏணியில் மாட்டி முறிந்துபோனது. முறிந்த துண்டைச் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

வடிவேலு விடுவாரா? "இங்க எலெக்ஷனப்ப நான் கீழ போனேன், கியூவுல நின்னேன், ஓட்டுப் போட்டேன், வர்றப்ப புரோட்டா கட்டிக்கிட்டு வந்தேன். இருபது நிமிஷம்லா. நீ பிளேன் ஏறிப் போயி போடறியே, உன் ஆளு என்னிக்காச்சும் ஜெயிச்சிருக்கானா?"

"ஒரு தடவகூட இல்லண்ணே."

"அப்புறம் எதுக்குய்யா?"

"பூத்துல பேரைச் சத்தமா படிப்பாங்கண்ணே. அழகேசன், தகப்பனார் அழகர்சாமின்னு. எல்லாக் கட்சி ஏஜென்டும் குனிஞ்சு டிக் அடிப்பான். இன்னும் நம்மளயும் ஒரு ஆளா வச்சிருக்கான்ல?"

இந்தச் சட்டமன்றத் தேர்தலுக்கும் விமான டிக்கெட் போட்டாகிவிட்டது. போன ஞாயிறு மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது ஊரிலிருந்து போன் வந்தது. கையெல்லாம் செதில். "ஸ்பீக்கர்ல போடுங்கக்கா" என்றார். உப்பு டப்பாவில் சாய்த்து வைத்தேன்.

"என்னங்க, பள்ளிக்கூடத்துல புது வோட்டர் லிஸ்ட்டு ஒட்டியிருக்காங்க" என்றது சிவகாமசுந்தரியின் குரல். "உங்க பேரு இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவ பாத்தேன். எம் பேரு இருக்கு. உங்க தம்பி கதிரேசன் பேரு இருக்கு. அங்கன்வாடி டீச்சரு வீடு வீடா கணக்கெடுக்க வந்துச்சுல்ல, அதுல எடுத்துட்டாங்களாம்."

"நீ என்ன சொன்ன?"

"வீட்டுக்காரரு இங்கதான் இருக்காரான்னு கேட்டுச்சு. இல்லன்னேன்."

"இல்லன்னா சொன்ன?"

"வேற என்னத்தச் சொல்றது? இருக்காருன்னு சொல்லி, எங்க கூப்புடுன்னு கேட்டா எங்கேருந்து கூப்புடுவேன்?"

அழகேசன் அடுத்த மீனை எடுத்தார். தலையைக் கிள்ளி, அந்தத் தலையை ஆய்ந்து வைத்த மீனோடு போட்டார். நான் அதை எடுத்துக் குடலோடு போட்டேன்.

"வெளிநாட்டுல இருக்கவங்களுக்குன்னு தனி ஃபாரம் இருக்காம். பாஸ்போர்ட்ட வச்சு எழுதிக் குடுத்தா சேத்துக்குவாங்களாம். டீச்சரு சொல்லுச்சு."

"எவன் வெளிநாட்டுல இருக்கவன்? பொழைக்க வந்தவன் நான். இருக்கறது அங்கதான்."

ஹாலில் வடிவேலு டிவியைக் குறைத்தார். "ஃபாரம்தானேலா, அழகு. ஆன்லைன்ல நானே போட்டுத் தர்றேன்."

"வேணாம்ணே. டிக்கெட்ட கேன்சல் பண்ணிரணும்" என்றார் அழகேசன், மீனைப் பார்த்துக்கொண்டு.

போனில் ஊர்ப் பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஏங்க, ஓட்டு இல்லன்னா வரமாட்டீங்களா?"

கோபமாகக் கேட்டதாகத் தெரியவில்லை. கடையில் ஏதோ சாமான் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

அழகேசன் எழுந்து குழாயடிக்குப் போனார். கையைச் சோப்புப் போட்டு ஒரு முறை கழுவினார், முகர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு முறை கழுவினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு என்னைத் தாண்டி, ஹாலில் வடிவேலுவைத் தாண்டி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். உப்பு டப்பாவில் சாய்ந்திருந்த போனில் அழைப்பு இன்னும் துண்டிக்கப்படாமல் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.