சுரண்டி எழுதிய பெயர்

எங்கள் கோயிலில் அம்மன் சந்நிதிக்கு இடப்பக்கம் ஒரு குத்துவிளக்கு நிற்கிறது. என் நெஞ்சளவு உயரம், நல்ல கனமான பித்தளை. அதன் அடித்தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் கொஞ்சம் குழிந்து, மற்ற இடத்தைவிட வெளிறிப் பளபளக்கும். புதிதாக வருகிறவர்கள் விளக்கு எங்கேயோ விழுந்து அடிபட்டுவிட்டது என்று நினைத்து 'ச்சூ' கொட்டுவார்கள். விழவும் இல்லை, அடிபடவும் இல்லை. நான் ஆள் பிடித்துச் சுரண்டுவித்த இடம் அது. நியூசிலாந்தின் ஓக்லாந்தில் உடம்பில் தழும்போடு நிற்கிற விளக்கு இது ஒன்றுதான் என்றால், அந்தப் பெருமையும் எனக்குத்தான்.

என்னைப் பற்றி நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். சண்டைக்குப் பயந்து ஓடி, கடைசியில் இங்கே மனுரேவாவில் வந்து இறங்கியபோது 'யெஸ்', 'நோ', 'சொரி' மூன்றும்தான் என் இங்கிலீஷ். இன்றைக்கு இந்த நகரத்தில் என் ரோல்ஸும் கட்லட்டும் போகாத தமிழ்க் கலியாணம் இல்லை. சாப்பாடு ஏற்றிய என் வான்கள் போகாத தெரு இல்லை. படித்த பெடியள் என்னிடம் வேலை கேட்டு வருகிறார்கள். யாரும் கைதூக்கிவிட்டு நான் வரவில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது. அது டீச்சருக்கு.

கேட்டரிங் தொடங்குமுன் நான் சலாட் கீரையைப் பக்கற்றில் அடைக்கிற தொழிற்சாலையில் லைன் லீடர். குளிர்ப்பெட்டிக்குள் நிற்பதுபோல ஒரு இடம். அங்கேதான் டீச்சர் எனக்கு எதிரே வந்து நின்றார். தமிழ்நாட்டுக்காரர், மேல்நிலைப் பள்ளியில் வரலாறு படிப்பித்தவர். கணவர் அங்கேயே காலமாகிவிட, லின்ஃபீல்டில் இருக்கிற மகனோடு வந்து சேர்ந்தவர். மகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, வீட்டில் குறையொன்றும் இல்லை. ஆனால் சும்மா இருக்க ஏலாத பிறவி. கீரை அடைப்பதில் படுமோசம். அவர் ஒட்டிய பெட்டிகளைப் பிரித்து நான்தான் திருப்பி ஒட்டினேன். கை ஓடாது, வாய்தான் ஓடும். தமிழாட்கள் எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட, அதைக் கேட்டுச் சமோவாக்காரி சூப்பர்வைசரும் 'டீச்சா' என்றே கூப்பிடத் தொடங்கினாள்.

வேலை முடிந்தால் என் காரில்தான் அவரைக் கொண்டுபோய் விடுவேன். மோட்டார்வேயில் வண்டிகள் நத்தையாக ஊர, டீச்சர் ஆயிரம் வருஷத்துக்கு முந்திப் போய்விடுவார். பெரிய கற்கோயில்களின் சுவர் முழுக்க எழுத்தாம். விளக்கெரிக்க ஆடு கொடுத்தவள், நிலம் கொடுத்தவள், நகை கொடுத்தவள் என்று பெண்களின் பெயர்கள் அதிலே கிடக்கிறதாம். ராணிகள் மட்டும் இல்லை, கோயிலில் ஆடியவள், சமையல்கட்டில் நின்றவள் பெயர்கூட உண்டாம். ஆட்டை இடையரிடம் விட்டால் அவர் நெய் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆடு செத்தாலும் மந்தை குறையாது என்ற கணக்கில் விளக்கு அணையாது, பெயரும் அணையாது. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், தானே அந்த ஆட்டை ஓட்டிக்கொண்டு போனவர் மாதிரி.

எனக்கு எரிச்சல் வந்தது. "அப்ப அந்தக் காலம் பொம்பிளையளுக்குச் சொர்க்கமோ, டீச்சர்?" என்று கேட்டேன். கோபிப்பார் என்று நினைத்தால் சிரித்தார். "சொர்க்கம்னு யாரு சொன்னா அக்கா? குடுக்கலாம், பேரு வெட்டுவாங்க. ஆனா நிலத்தை விக்கணும்னா பல இடத்துல பக்கத்துல ஒரு ஆம்பள நிக்கணும். முதுகண்ணுன்னு பேரு. அவளுக்காக அவரு சம்மதம் சொல்லணும்." நான் ஸ்டியரிங்கில் அடித்துச் சொன்னேன்: "இதுக்கு ஏன் ஆயிரம் வருசம் போறியள்? எங்கட ஊர்ச் சட்டத்தில என்ர சீதனக் காணியை விக்க இண்டைக்கும் மனுசன்ர கையெழுத்து வேணும்." டீச்சர் சீட்டிலிருந்து முன்னே சரிந்து சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. "அடடே, அப்ப உங்க ஊர்ல முதுகண் இன்னும் உயிரோட இருக்காரு! வீட்ல அண்ணனைப் பாத்தா நான் வணக்கம் சொன்னேன்னு சொல்லுங்க."

நான் தனியாகத் தொழில் தொடங்கியபோது முதல் வானில் என் மனுசன் பெயரை எழுதுவித்திருந்தேன். அதுதானே வழக்கம். டீச்சர் வானைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு, "ரோல்ஸ் சுத்துறது யாரு?" என்றார். நான் என்றேன். "பொரிக்கிறது?" நான். "அப்ப பேரு மட்டும் ஏன் அண்ணனுக்கு? அவருக்குக் கை வலிக்குமா?" அன்றைக்கே வானைப் பெயர் எழுதிய கடைக்குத் திருப்பி அனுப்பினேன். இன்றைக்கு எல்லா வானிலும் என் பெயர்தான் ஓடுகிறது. மனுசன் மூன்று நாள் கதைக்கவில்லை. பிறகு அவரே ஓட்டப் பழகிவிட்டார்.

போன வருஷம் டீச்சர் போய்விட்டார். படுக்கையில் விழாமல், சட்டென்று. செத்தவீட்டில் எல்லோரும் 'டீச்சர்' என்று அழுதார்கள், மகன் 'அம்மா' என்று அழுதான். அம்மனுக்கு அவர் பெயரில் ஒரு விளக்கு வைப்பதாக அங்கேயே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அவர் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் சனத்துக்கே உள்ள பழக்கம் இது. அக்கா, மாமி, இன்னாரின் அம்மா என்றே வாழ்க்கை முடிந்துவிடும். மகனிடம் கேட்டு எழுதச் சொல்லிக் கோயில் செயலாளரிடம் பொறுப்பைக் கொடுத்தேன். இந்தியாவிலிருந்து விளக்கு வந்தது. பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் அடித்தட்டில் 'திருமதி' என்று போட்டு, பக்கத்தில் கணவர் பெயரை இனிஷியலோடு வெட்டி, 'நினைவாக' என்று முடித்திருந்தார்கள். டீச்சரை அதில் எங்கேயும் காணவில்லை.

கார்த்திகைத் தீபத்துக்கு அந்த விளக்கைத்தான் ஏற்றுவதாக ஏற்பாடு. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம். செயலாளர் எங்கள் ஊர்த் தம்பிதான். "அக்கா, மனுசன்ர பேர் போட்டால் அவவுக்குக் கௌரவம்தானே," என்றார். "தம்பி, அந்த மனுசன் இந்த நாட்டு மண்ணையே மிதிக்கேல்லை. கீரை அடைச்சது அவரோ?" என்றேன். தலைவர் தமிழ்நாட்டுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். "ஏம்மா, வெட்டின பேரைச் சுரண்டுறது அபசகுனம். நமக்குன்னு ஒரு மரபு இருக்குல்ல?" என்றார். அந்தச் சொல்லுக்காகத்தான் நான் காத்திருந்தேன். "எந்த மரபு ஐயா? ஆயிரம் வருசத்துக்கு முந்தின கல்லிலயே விளக்கு வைச்ச பொம்பிளையின்ர பேர் கிடக்கு. உங்கட மரபு அதுக்குப் பிறகு பிறந்ததோ?" பின்வரிசையில் யாரோ, "இதெல்லாம் ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று நக்கலாகக் கேட்டார். "அந்த விளக்கில பேர் இல்லாதவதான் சொன்னவ," என்றேன்.

பிறகும் இழுத்தார்கள். அடுத்த வருஷம் பார்ப்போம், ஐயரைக் கேட்போம் என்றார்கள். கார்த்திகை அன்னதானம் முழுக்க என் கிச்சனிலிருந்துதான் போகிறது. "இந்தப் பேரோட விளக்கு நிக்கிற இடத்துக்கு என்ர சாம்பார் வராது," என்று சொல்லிப்போட்டு எழும்பினேன். வாசலைத் தாண்டுமுன் செயலாளர் ஓடி வந்து விளக்கைத் தூக்கி என் வானில் ஏற்றினார்.

டீச்சரின் மகன் கார் தரிப்பிடத்தில் என் பின்னால் வந்து நின்றான். "ஆன்ட்டி, அம்மா பேரை நான் வாயால சொன்னதே இல்லை. அப்பா பேரைப் போட்டாத்தான் மரியாதைன்னு நினைச்சேன்," என்றான். "இப்ப சொல்லு," என்றேன். சுற்றிப் பார்த்துவிட்டு, சொல்லக் கூடாததைச் சொல்வதுபோல மெல்லச் சொன்னான். நான் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். இரண்டாம் தரம் குரல் வந்தது, கண்ணீரும் வந்தது.

மனுரேவாவில் விளையாட்டுக் கோப்பைகளுக்கும் நாய்க் கழுத்துப்பட்டிகளுக்கும் பெயர் வெட்டுகிற கடைக்காரனிடம் கொண்டுபோனேன். பழைய எழுத்தைச் சுரண்டினான். புதியதை வெட்ட அவனுக்குத் தமிழ் தெரியாது. நீ எழுதித் தா, அப்படியே வெட்டுகிறேன் என்றான். எழுதினேன். ஐந்தாம் வகுப்பு எழுத்து, இரண்டாவது எழுத்து கொஞ்சம் வலப்பக்கம் சரியும். திருமதி இல்லை, இனிஷியல் இல்லை, நினைவாகவும் இல்லை. இவ்வளவுதானா என்று கேட்டான். இவ்வளவும் வேண்டும் என்றேன்.

கார்த்திகைக்கு விளக்கு எரிந்தது, சாம்பாரும் போனது. போன வெள்ளிக்கிழமை எண்ணெய் விடப் போனபோது செயலாளரின் மனைவி குனிந்து அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அக்கா, இவ்வளவு காலமா உங்களைத் தெரியும், உங்கட பேரே எனக்குத் தெரியாது," என்றாள். "என்ர வானைப் பார்," என்றேன். பிறகு அவள் பெயரைக் கேட்டேன். எனக்கும் தெரியாது.

டீச்சரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. கடதாசியில் படித்துவிட்டு மறப்பதற்காக நான் அத்தனை பேரோடு சண்டை பிடிக்கவில்லை. வாருங்கள். அந்த வெளிறிய இடத்துக்கு முன்னால் குனியுங்கள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். சரிந்த எழுத்து என்னுடையது, பெயர் அவருடையது. வாய்விட்டு வாசியுங்கள்.