பெரும்பாக்கத்து வியாழக்கிழமைகள்

முதல் புகார் வந்த நாளன்று என் டைரியில் இருப்பது இவ்வளவுதான்: "ரத்தப் பரிசோதனை கவுண்டர். பட்டியல் திரை இருபத்தைந்து நிமிடம் நின்றது. தானாகச் சரியாயிற்று." தானாகச் சரியாகிறவற்றை நான் நம்புவதில்லை. அதனால் அடியில் ஒரு கோடு போட்டிருந்தேன்.

தாம்பரத்தில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் தரவுத்தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நோயாளிகளின் பதிவு, வருகை, பரிசோதனை முடிவு எல்லாம் அதற்குள்தான். அட்டவணைகளை வடிவமைத்ததும் நான்தான். என் அறை முதல் மாடியில். நான் வருவது ஒன்பது மணிக்கு. கீழே கவுண்டர் திறப்பது ஏழு மணிக்கு. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் நான் வருவதற்குள் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே அவர்களை நான் பெயர்களாகத்தான் அறிவேன்.

கவுண்டரில் இருப்பவர் என்னைவிட மூத்த ஒரு பெண். மருத்துவமனை முழுக்க அவருக்கு 'அக்கா' என்றுதான் பெயர். அவர் திரையில் ஊரையும் சர்க்கரை முகாமையும் தேர்ந்தெடுத்தால், அந்த ஊர் ஆட்களின் பட்டியல் அவர்களுடைய பழைய சர்க்கரை அளவுகளோடு வரும். பெயரைத் தொட்டால் ரத்தக் குழாயில் ஒட்டும் லேபிள் அச்சாகும். பட்டியல் வராவிட்டால் லேபிள் கிடையாது. லேபிள் இல்லாமல் ரத்தம் எடுக்க மாட்டார்கள். ரத்தம் எடுக்கும்வரை யாரும் சாப்பிட முடியாது.

ஐந்து புகார்கள் சேர்ந்த பிறகு டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஐந்தும் வியாழக்கிழமை. எனக்கு ஒரே மகிழ்ச்சி. கிழமை கிடைத்துவிட்டது என்றால் காரணம் கிடைத்த மாதிரிதான். புதன்கிழமைதான் முழுக் காப்புப் பிரதி எடுக்கிறோம். அதன் பாரம் மறுநாள் காலைவரை நீள்கிறது என்று முடிவுகட்டி, அதைச் சனிக்கிழமைக்கு மாற்றினேன். அடுத்த வியாழக்கிழமை திரை முப்பத்தொரு நிமிடம் நின்றது.

பிறகுதான் ஒழுங்காகப் பார்த்தேன். தரவுத்தளத்துக்குள் திட்டமிடும் பகுதி ஒன்று இருக்கிறது. கேளம்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு வண்டலூர் வழியாகவும் வரலாம், மேடவாக்கம் வழியாகவும் வரலாம். எந்தப் பக்கம் நெரிசல் என்று ஊகித்து ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கிறோம் அல்லவா, அந்த வேலையைத்தான் அது செய்கிறது. எத்தனை பதிவுகள் வரும் என்று முதலில் ஊகிக்கும். கொஞ்சம்தான் என்று தோன்றினால் ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கும். நிறைய என்று தோன்றினால் மொத்தமாக அள்ளும். எங்கள் பட்டியலுக்குப் பன்னிரண்டு பதிவுகள் வரும் என்று அது ஊகித்திருந்தது. வந்தவை பல ஆயிரம். அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தேடிப் போயிருக்கிறது.

ஒவ்வொன்றாகத் தேடும் முறையையே மூடிவிட ஒரு சுவிட்ச் உண்டு. மூடினேன். மருந்தகத்தின் திரை நின்றுபோயிற்று. திறந்துவிட்டேன்.

இந்தத் தரவுத்தளம் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. உலகம் முழுக்க இருப்பவர்கள் அதை எழுதுகிறார்கள், திருத்துகிறார்கள், ஒரு மின்னஞ்சல் குழுவில் எல்லாரும் பார்க்கச் சண்டை போடுகிறார்கள். பல வருடங்களாக அதைப் பஸ்ஸில் படித்துக்கொண்டு வருகிறேன். ஒரு வார்த்தையும் எழுதியதில்லை. பக்கத்து வீட்டுப் பேச்சைச் சுவர் வழியாகக் கேட்கிறவளைப் போல இருந்தேன். யார் சீக்கிரம் கோபப்படுவார், யார் கோபப்பட்டு மறுநாள் மன்னிப்புக் கேட்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

அதில் மூன்று வருடமாக இழுத்துக்கொண்டிருந்த விவாதம் ஒன்று என் பிரச்சினையைப் பற்றியதே. ஒரே அட்டவணைக்குள் இருக்கும் இரண்டு தகவல்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்றால், அதைத் தரவுத்தளத்துக்குச் சொல்ல ஏற்கெனவே வழி இருக்கிறது. இரண்டு வேறு அட்டவணைகளில் இருந்தால் வழியில்லை. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது என்று அது வைத்துக்கொள்ளும். எங்களிடம் ஊர் ஓர் அட்டவணையில் இருந்தது, முகாம் வேறொன்றில். அதனால்தான் பன்னிரண்டு என்ற அந்த ஊகம். இந்தக் குறையைத் தீர்க்க ஒருவர் பேட்ச், அதாவது தரவுத்தளத்தின் நிரலில் சேர்க்க ஒரு திருத்தம், எழுதியிருந்தார். குளிர்நாட்டுக்காரர். வேலைக்குப் போய்வந்த பிறகு மிச்ச நேரத்தில் எழுதுகிறவர். பதினாறாவது தடவையாகத் திருத்தி அனுப்பியிருந்தார்.

எதிர்த்தவர் குழுவின் மூத்தவர்களில் ஒருவர். அவருடைய வாதம் எளிமையானது. இதைச் சேர்த்தால் தேவையில்லாதவர்களின் கணினியும் கூடுதலாக உழைக்க வேண்டும். புரியாத சிக்கலான நிரல் உள்ளே வந்து உட்காரும். பத்து வருடம் கழித்து அதைப் பழுதுபார்க்கப் போவது யார்? பேட்ச் எழுதியவர், 'பயனர்கள் கஷ்டப்படுகிறார்கள்' என்பார். மூத்தவர், 'எந்தப் பயனர்? காட்டுங்கள்' என்பார்.

ஒருநாள் வண்டலூர் சிக்னலில் பஸ் நின்றபோது நான் எழுதினேன். நான் அந்தப் பயனர், வியாழன்தோறும் எங்கள் திரை நிற்கிறது, நிற்கும்போதெல்லாம் சர்க்கரை நோயாளிகள் பட்டினியாகக் காத்திருக்கிறார்கள் என்று. ஒருமணி நேரத்தில் மூத்தவரின் பதில் வந்தது. முதல் வரி, பழைய கடிதத்தின் தலைமேல் பதில் எழுதக் கூடாது, கீழே எழுத வேண்டும் என்பது. இரண்டாவது வரி: "வருந்துகிறேன். நான் இங்கே ஓடவைத்துப் பார்க்கக்கூடிய சோதனைத் தரவு அனுப்ப முடியுமா?" பேட்ச் எழுதியவர் என்னை அந்தப் பருவத்தில் தன் பேட்ச்சின் பரிசோதகராகப் பதிவுசெய்துகொள்ளச் சொன்னார். பேட்ச்களை எல்லாம் ஒரு பட்டியலில் போட்டு மாதக் கடைசிக்குள் முடிவுசெய்வது அங்கே வழக்கம்; அந்த மாதத்துக்குத்தான் பருவம் என்று பெயர். பதிவுசெய்துகொண்டேன்.

நிஜ நோயாளிகளின் விவரத்தை வெளியே அனுப்ப முடியாது. ஆகவே பொய் நோயாளிகளை உண்டாக்கினேன். ஒரு லட்சம் பேர். நாற்பது ஊர்கள். ஒவ்வொரு ஊருக்கும் அதற்கான முகாம். ஒவ்வொருவரும் வருடத்துக்கு நான்கு தடவை வந்தார்கள். ஓடவைத்தேன். முக்கால் விநாடியில் பட்டியல் வந்து நின்றது. பத்து லட்சமாக்கினேன். அப்போதும் ஒன்றரை விநாடிதான். நான் பெற்ற நோயாளிகள் என்னைப் போலவே இருந்தார்கள். யாரும் தவறுவதில்லை, யாரும் கூட்டம் போடுவதில்லை.

அடுத்த வியாழக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து, ஏழுக்கு முன்பே கவுண்டருக்குப் போய்விட்டேன். மருத்துவமனை வேன் அப்போதுதான் இரண்டாவது நடையாக ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பியது. நாற்காலிகள் நிரம்பி, சுவரோரம் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு ஐந்துக்கு அக்கா பட்டியலைக் கேட்டார். திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

முன்னால் நின்ற ஒருவர் என் கழுத்து அடையாள அட்டையைப் பார்த்தார். "இன்னா மேடம், பொட்டிக்கும் சுகரா? காலைல எய்ந்துக்கவே மாட்டேங்குதே."

"அது நல்லா துன்னுட்டு வந்துகீது நைனா, அதான் மந்தம்," என்றார் பின்னாலிருந்த பெண். "நாமதான் பட்டினி."

"சும்மா இரேன்மா. மேடம் மாடியிலேர்ந்து எறங்கி வந்திருக்காங்க," என்றார் அக்கா.

"மாடியில குந்திகினு கீழ நடக்கறது இன்னா தெரியும்?" என்றார் அந்தப் பெண்.

நியாயமான கேள்விதான். நான் அக்காவிடம், "எல்லா வியாழக்கிழமையும் இவ்வளவு கூட்டமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "வியாழக்கிழமைன்னா பெரும்பாக்கம் மேடம். வேன் அன்னிக்குத்தானே அங்க போகுது? வாரம் ரெண்டு ப்ளாக்குன்னு முறை. ஒவ்வொருத்தருக்கும் மாசம் ஒரு தடவை. மாத்திரையும் இங்கயே குடுத்துடறதால ஒருத்தர் விடாம வந்துடுவாங்க."

"மத்த ஊர்க்காரங்க?"

"திருநீர்மலைக்காரங்க அவங்களா பஸ் புடிச்சு வருவாங்க. ஒருத்தர் ரெண்டு பேரு. அதுவும் வருஷத்துக்கு ஒருவாட்டி, வீட்ல பொண்ணு திட்டினாத்தான். முகாம்னா அது பெரும்பாக்கம்தான் மேடம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. கட்டடத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எனக்கும் தரவுத்தளத்துக்கும் மட்டும் தெரியவில்லை.

ஏழு இருபதுக்குச் சுவரோரம் இருந்த ஓர் அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. நெற்றி வியர்த்துவிட்டது. அக்கா இழுப்பறையைத் திறந்து குளுக்கோஸ் பிஸ்கெட் பாக்கெட்டை எடுத்தார், உடனே கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "குடுத்துட்டா இன்னிக்கு வந்தது வீண். அடுத்த முறை அடுத்த மாசம்தான்." திரையைப் பார்த்தார். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. "சாப்புடும்மா," என்று பாக்கெட்டைப் பிரித்தார். அந்த அம்மா இரண்டு பிஸ்கெட் சாப்பிட்டார். பட்டியல் ஏழு முப்பத்து நான்குக்கு வந்தது.

மாடிக்குப் போய் என் பொய் நோயாளிகளைக் கலைத்துவிட்டுப் புதிதாக உண்டாக்கினேன். ஒரே ஓர் ஊர் மாதாமாதம் தவறாமல் வந்தது. மற்ற ஊர்களில் பெரும்பாலோர் பதிவுசெய்ததோடு சரி, திரும்பி வரவில்லை. சிலர் பொண்ணு திட்டி வந்தார்கள். ஓடவைத்தேன். நின்றது. இருபத்தெட்டு நிமிடம். ஒரு தவறு திரும்ப நடந்ததற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

குழுவுக்கு அனுப்பினேன், இம்முறை பதிலைக் கீழே எழுதி. பேட்ச் எழுதியவர் அன்றே ஓடவைத்துவிட்டார். அவருடைய பேட்ச்சோடு பட்டியல் ஒரு விநாடிக்குள் வந்தது. "மூன்று வருடமாக எனக்கு வேண்டியிருந்தது இதுதான்," என்று எழுதினார். அதுவரை பேசாதவர்கள் நான்கைந்து பேர் வந்து ஆதரித்தார்கள்.

ஐந்தாம் நாள் மூத்தவரிடமிருந்து நீண்ட கடிதம் வந்தது. இந்த விவாதத்தில் வந்தவற்றில் உருப்படியான முதல் ஆதாரம் இது என்று தொடங்கியிருந்தார். பிறகு என்னிடம் ஒரு கேள்வி: "உங்கள் வருகை அட்டவணையில் ஊர் ஏன் இல்லை? ஒருவர் வீடு மாறிவிட்டால், பழைய வருகைக்கு எந்த ஊரிலிருந்து வந்தார் என்று எப்படிச் சொல்வீர்கள்?" ஒவ்வொரு வருகையோடும் அன்றைய ஊரையும் எழுதி வையுங்கள், அப்போது ஊரும் முகாமும் ஒரே அட்டவணைக்குள் வந்துவிடும், ஏற்கெனவே இருக்கும் வசதியே போதும், பேட்ச் தேவைப்படாது என்றார். "செய்து பார்த்து முடிவைத் தெரிவிக்க முடியுமா?"

அந்த அட்டவணையை வடிவமைத்தவள் நான். பெரும்பாக்கத்துக் குடியிருப்புக்கு வந்தவர்கள் எல்லாருமே வேறெங்கிருந்தோ வீடு மாறி வந்தவர்கள். அவர்களின் பழைய வருகைகளையும் நாங்கள் பெரும்பாக்கம் என்றே காட்டிக்கொண்டிருந்தோம். அவர் கேட்டது சரி. யாராவது என்னிடம் முன்பே கேட்டிருக்க வேண்டியது.

செய்தேன். பிரதியில் முதலில், ஞாயிற்றுக்கிழமை நிஜத்தில். வியாழக்கிழமை மறுபடியும் முதல் பஸ். அக்கா பட்டியலைக் கேட்டார். அவர் விரலை எடுப்பதற்குள் வந்துவிட்டது. "போச்சு, மறுபடி தப்பாயிடுச்சா?" என்றார் அக்கா, அவ்வளவு சீக்கிரம் வந்ததை நம்பாமல். ஏழு நாற்பதுக்குக் கடைசிக் குழாயில் லேபிள் ஒட்டினார்கள்.

குழுவுக்கு அறிக்கை எழுதுவது மட்டும் பாக்கி. மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் பேட்ச் நிராகரிக்கப்படாமல் அடுத்த பருவத்துக்கு நகரும். பொய் சொல்ல வேண்டியதில்லை, தாமதித்தால் போதும். பஸ்ஸில் வரைவு எழுதினேன். "எங்கள் விஷயத்தில் இது சரியானாலும், வேறு பலருக்கு இந்தப் பேட்ச் நிச்சயம் தேவைப்படும்" என்று ஒரு வாக்கியம் வந்தது. பேட்ச் எழுதியவருக்காக எழுதிய வாக்கியம். எனக்குத் தெரிந்த வேறு பலர் யாரும் இல்லை. இரண்டு நாள் அதை வைத்திருந்து, மூன்றாம் நாள் அழித்தேன். எஞ்சியது மூன்று வரி: சொன்னபடி செய்தேன். இருபத்தெட்டு நிமிடம் ஒரு விநாடிக்கும் குறைவாயிற்று. எங்களுக்கு இனிப் பேட்ச் தேவையில்லை.

ஆதரித்த நான்கைந்து பேரைக் காணவில்லை. மூத்தவர் வெற்றி கொண்டாடவில்லை. பேட்ச்சின் ஒரு சிறு பகுதி தனியாகப் பயன்படும், அதைப் பிரித்து அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டிருந்தார்.

அடுத்த வியாழக்கிழமை காலை, பஸ் மாம்பாக்கம் தாண்டும்போது பேட்ச் எழுதியவரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது. "வருத்தமில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். உங்கள் தரவு என்னைத் தோற்கடித்தது, ஆனால் அதில் குற்றம் கண்டுபிடிக்க ஒரு வாரம் முயன்றும் முடியவில்லை. சிறு பகுதியைப் பிரித்து அனுப்புகிறேன். பெரியதைத் திருப்பியதாகக் குறித்துவிடுங்கள். பரிசோதகர் நீங்கள்தான், நான் செய்ய முடியாது."

ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கை விரலால் குறித்தேன். 'கருத்துகளோடு திருப்பி அனுப்பப்பட்டது.' உறுதியா என்று கேட்டது. ஆம் என்றேன். பிறகு அவருக்கு, சிறு பகுதி வந்ததும் அதையும் நானே சோதிக்கிறேன் என்று எழுதினேன்.

தாம்பரத்தில் இறங்கி உள்ளே போனபோது மணி எட்டு ஐம்பது. கவுண்டர் முன் நாற்காலிகள் காலி. ஒரு காபி குடிக்கலாம் என்று கேன்டீனுக்குப் போனேன். திரும்பும் வேனுக்காகக் காத்திருந்த பெரும்பாக்கத்துக்காரர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். மேசைக்கு ஆறு பேர், தட்டு நிறைய இட்லி. சர்க்கரை போடாத காபி கேட்டு ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். உட்கார இடமில்லை. சுவரோரம் நின்று குடித்தேன்.