லென்ஸ் வைத்து ஐந்து வருஷம்

கண் ஆபரேஷன் முடிந்த மறுநாள் எல்லோரும் எங்களைக் கும்பிடுவார்கள். ஐந்து வருஷம் கழித்து வருகிறவர்கள்தான் எங்களிடம் பேசுவார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்னக் கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிப்பது என் வேலை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பிழைக்கிற எவருக்கும் நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது.

காலாவதி

வடக்குப்பட்டு தனசேகர் அண்ணன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இரண்டு கண்ணிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்துக்கொண்டார். அப்போது கொடுத்த அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் எக்ஸ்பைரி தேதிக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு. "போன மாசத்தோட முடிஞ்சிடுச்சி. அதான் மங்கலா கீது. மாத்திக் குடுங்க" என்றார். அடுத்த வாரம் கம்பெனியில் டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை. தேறாவிட்டால் பஸ் கிடையாது.

அந்தத் தேதி, டப்பாவைப் பிரிக்காமல் எதுவரை வைத்திருக்கலாம் என்பதற்கு; கண்ணுக்குள் போன லென்ஸ் ஆயுசுக்கும் இருக்கும் என்று சொன்னேன். கார் கம்பெனிகள் வரிசையாக இருக்கிற ஓரகடம் ரோட்டில் வேலை பார்க்கிறவரிடம் தேதியைப் பற்றிப் பேசி ஜெயித்தவர் இல்லை.

"இன்னா சிஸ்டர், டேட் முடிஞ்ச பசைய எங்க கம்பெனில கார் கதவுல கூட ஒட்ட மாட்டான். நீங்க கண்ணுல வச்சிக்கினு சுத்துன்றீங்களே!"

தூரத்து மூக்குத்தி

அவரை டாக்டர் அறைக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். மேரியக்கா, ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறவர். லென்ஸ் வைத்து எட்டு வருஷம். அது தூரப் பார்வைக்கானது, கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி போட வேண்டும் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்திருந்தோம். கண்ணாடி போடுவதென்றால் ஆபரேஷன் எதற்கு என்று அக்கா எட்டு வருஷமும் போடவில்லை.

சுவரில் இருந்த சார்ட்டைக் கடைசி வரிவரை கடகடவென்று படித்தார். பொடி எழுத்து அட்டையைக் கையில் கொடுத்ததும் அதைத் தள்ளித் தள்ளிப் பிடித்து, கை நீளம் தீர்ந்ததும் என்னை முறைத்தார்.

"டிவில வில்லி மூக்குத்தில எத்தினி கல்லுன்னு தெரியுது, முறத்து அரிசில கல்லு தெரியல. ஊரான் வூட்டப் பாக்கவா பாப்பா எனக்குக் கண்ணு வச்சீங்க?"

பழைய பார்ட்

தனசேகர் அண்ணனின் லென்ஸ்கள் வைத்த இடத்தில் வைத்தபடி பளிச்சென்று இருந்தன. அவற்றுக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய சவ்வுதான் மங்கியிருந்தது. சிலருக்குச் சில வருஷம் கழித்து அப்படி ஆவதுண்டு. லேசரால் அதில் சின்னத் திறப்பு போட்டால் போதும். சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தோம். லேசர் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

முடிந்ததும் முகவாயைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் உள்ளங்கையை நீட்டினார். என்ன என்றேன். கழற்றியது எங்கே என்றார். எதையும் கழற்றவில்லை என்று மூன்று முறை சொன்னேன்.

"பழைய பார்ட்ட கையில குடுக்காத மெக்கானிக்க நான் நம்பனதே இல்ல சிஸ்டர்."

ஒரு கடிதம்

கம்பெனி பரிசோதனையில் தேறிவிட்டு அடுத்த வாரம் வந்தார். ஸ்வீட் டப்பா இருந்தது. முகத்தில் சந்தோஷம் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை. பென்னலூர் ஸ்டாப்பில் கை காட்டிய ஒரு பெண்ணை, அதே கம்பெனியில் வேலை பார்க்கிறவளை, ஏற்றாமல் போயிருக்கிறார். பெயர் இசக்கி, திருநெல்வேலிப் பக்கம். எதிரே வந்த லாரியின் வெளிச்சத்தில் அவள் கண்ணில் படவே இல்லை. அவள் புகார் செய்தபோது, ஸ்டாப்பில் யாருமே இல்லை என்று இவர் சொல்லிவிட்டார். பொய்ப் புகார் என்று அவளுக்கு மெமோ. இன்னொரு மெமோ வந்தால் வேலை போய்விடும்.

"இப்ப அந்த ஸ்டாப்ல நிக்கிற நாய்கூடத் தெரியுது. அப்ப அவளும் நின்னுதான இருந்திருப்பா?" என்றார். தப்பு லென்ஸுடையது என்று ஒரு கடிதம் வேண்டுமாம், அதைக் காட்டி உண்மையைச் சொல்லிவிடலாம் என்று. டாக்டர் உள்ளதைத்தான் எழுதினார்: லென்ஸில் குறையில்லை, சவ்வு பல மாதங்களாகப் படிப்படியாக மங்கியிருக்கிறது, இப்போது சரியாகிவிட்டது. அண்ணன் இரண்டு தடவை படித்தார். பல மாதம் மங்கிய கண்ணோடு பஸ் ஓட்டியிருக்கிறார் என்று அதில் இருந்தது.

"இதக் குடுத்தா அவ மெமோ போவும். என் பஸ்ஸும் போவும். அப்டித்தான?"

பெஞ்சில் இரண்டு பேர்

கொடுத்திருக்கிறார். மெமோவை ரத்து செய்தார்கள். அவரை பஸ்ஸிலிருந்து இறக்கி, ஷெட்டில் வண்டி கழுவுவதை மேற்பார்வை பார்க்கப் போட்டார்கள். எப்போது திரும்ப பஸ் தருவார்கள் என்று தெரியாது. போன வாரம் ஒரு பெண்ணோடு வந்தார். "இசக்கி. கம்பெனி லைன்ல பூதக்கண்ணாடி வச்சிப் பாத்துப் பாத்து தலைவலியாம். நல்லா பாருங்க சிஸ்டர்" என்றார். பார்த்தேன். வேலைக்கு மட்டும் ஒரு சின்னக் கண்ணாடி எழுதினேன்.

எழுதும்போது, மன்னித்துவிட்டாயா என்று அவளைக் கேட்டுவிட்டேன். அவள் பெஞ்சில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் நின்னேன்னு ஒத்த வார்த்த சொல்லதுக்கு இந்த அண்ணனுக்கு லேசர்லா வேண்டியிருந்திச்சி!"

பல மாத மங்கலை எங்களால் ஐந்து நிமிஷத்தில் நீக்கிவிட முடிகிறது; அந்த மாதங்களில் நடந்ததைச் சரிசெய்ய ஆள்தான் நடந்து போக வேண்டியிருக்கிறது.