இந்திராணி கொடுத்த வீட்டுப்பாடம்

பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் செய்தித்தாளை வைத்து ஆங்கிலம் நடத்தப் போகிறேன் என்று இந்திராணி சொன்னபோது, பள்ளியில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1971 ஜூலை மாதம். பெரிய காஞ்சிபுரத்தில் இருந்த அந்தப் பெண்கள் பள்ளியில் அவள் ஆங்கில டீச்சர், நான் கணக்கு டீச்சர். ஓய்வறையில் எங்கள் நாற்காலிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளையார்பாளையத்தில் அம்மா காமாட்சியம்மாளோடு இருந்தாள். அப்பா வேலாயுதம் பட்டு நெசவாளி. நூல் கிடைக்காமல் தறி நின்றுபோன ஒரு வருஷத்தில், இந்திராணிக்கு இரண்டு வயதாக இருந்தபோது, மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். ஈப்போ ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. 1941 கார்த்திகை வரைக்கும் கடிதம் வந்தது. பிறகு ஜப்பான்காரன் வந்தான், கடிதம் நின்றது. சண்டை முடிந்தும் வரவில்லை. அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு பிள்ளை குட்டியோடு இருக்கிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். காமாட்சியம்மாள் பதில் பேசமாட்டாள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போய்வந்தாள். மற்ற நேரமெல்லாம் ராட்டையில் நூல் சுற்றினாள். அந்தக் கூலியில்தான் மகளைப் படிக்க வைத்தாள்.

அந்த வருஷம் பேப்பரைத் திறந்தால் கிழக்கு வங்கம்தான். பாகிஸ்தான் பட்டாளம் ஊரை வளைத்துச் சுட்டது, ஆற்றில் பிணம் மிதந்தது, எல்லை தாண்டி வந்த ஜனங்கள் புதைக்காமல் கிடந்த சாக்கடைக் குழாய்களுக்குள் குடியிருந்தது. இந்திராணி அந்தச் செய்திகளை வெட்டி அட்டையில் ஒட்டி, பதினோராம் வகுப்புப் பெண்களைச் சுருக்கி எழுதச் சொன்னாள். 'ஜெனோசைட்' என்ற சொல் பள்ளியில் இருந்த பழைய அகராதியில் இல்லை. கரும்பலகையில் இனப்படுகொலை என்று எழுதினாள். ஒரு கூட்டமே இருக்கக்கூடாது என்று முடிவு செய்து கொல்வது என்று விளக்கினாளாம். பேப்பரில் போடுகிற எண்ணிக்கை நிஜம்தானா என்று எப்படித் தெரியும் என்று ஒரு பெண் கேட்டிருக்கிறாள். செத்தவர் பேர் என்ன, எந்த ஊர், யார் கண்ணால் பார்த்தது என்று கேட்கத் தெரிந்தவன்தான் நிருபர் என்று இந்திராணி சொன்னாள். அதையே வீட்டுப்பாடமாகவும் கொடுத்தாள். கூட்டமாக ஜனங்கள் செத்த இடத்திலிருந்து தப்பி வந்தவர் யாராவது உங்கள் பக்கத்தில் இருந்தால் கேட்டு, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி வாருங்கள். பேர்களை விட்டுவிடாதீர்கள்.

புயலையும் வெள்ளத்தையும் பற்றித்தான் பலரும் எழுதியிருந்தார்கள். பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்திலிருந்து வந்து படித்த ரேணுகாம்பாள் நாலு பக்கம் எழுதியிருந்தாள்.

ஓய்வறையில் உட்கார்ந்து இந்திராணி சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டே வந்தாள். சட்டென்று பேனாவை மூடினாள். நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

"கலாவதி, இந்தப் பக்கத்தைப் படி."

ரேணுகாம்பாளின் அப்பா தணிகாசலம் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். 1943இல் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று ஜப்பான்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜனங்கள் உள்ளே போனதும் கதவைச் சாத்தி, ஆண்களை லாரியில் ஏற்றினார்கள். ஐந்து நாள் ரயில். சயாம் என்கிற தாய்லாந்துக் காட்டில் தண்டவாளம் போடுகிற வேலை. அவரோடு போன இருநூறு பேரில் பத்தொன்பது பேர் திரும்பினார்கள். டீச்சர் சொன்னபடி, செத்தவர்களில் அப்பாவுக்கு ஞாபகம் இருந்த பதினாலு பேரையும் அந்தப் பெண் வரிசையாக எழுதியிருந்தாள். ஒன்பதாவது பேர் வேலாயுதம். நெசவாளி. பிள்ளையார்பாளையம். ஈப்போவில் ஜவுளிக்கடை. காலராவில் இறந்தார்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் முசரவாக்கத்துக்குப் பஸ் ஏறினோம். தணிகாசலம் வீட்டு முன்னால் இருந்த களத்தில் கேழ்வரகு காயவைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மகளின் டீச்சர் என்றதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். இந்திராணி சுற்றி வளைக்காமல் தான் வேலாயுதத்தின் மகள் என்று மட்டும் சொன்னாள். அவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"இந்திராணின்னு ஒரு பொண்ணு இருக்குதுன்னு சொல்வார். அது நீங்கதானா?"

அந்தப் பேர் நோட்டில் இல்லை; அவளும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அவர் எங்களைத் திண்ணையில் உட்காரச் சொல்லவில்லை; தானும் உட்காரவில்லை. கேழ்வரகைக் காலால் தள்ளிக்கொண்டே பேசினார்.

"பொண்ணுகிட்ட காலராவுல செத்தாருன்னு சொன்னேன். அது முழுசும் இல்லமா. சீக்கு வந்த குடிசையக் காலி பண்ணச் சொன்னான் சப்பான்காரன். யாருக்கு மூச்சு இருக்குது, யாருக்கு இல்லன்னு பார்க்க உட மாட்டான். உங்கப்பாவுக்கு மூச்சு இருந்துச்சு. நானும் இன்னொருத்தனும் தலைப்பக்கமும் கால்பக்கமும் புடிச்சித் தூக்கிக்கினு போயி குழியில போட்டோம். தூக்கலன்னா எங்களையும் அதுலயே தள்ளியிருப்பான். அப்படித் தள்ளினத நான் பார்த்துக்கினு இருந்தவன். போற வழியில தண்ணி கேட்டார்."

"குடுத்தீங்களா?" என்றாள் இந்திராணி.

"இல்லமா. குடுக்கல."

வாசல்படியில் ரேணுகாம்பாள் நின்றிருந்ததை அப்போதுதான் நாங்கள் பார்த்தோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மாவிடம் சொல்லப் போகிறாயா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். தனியாகச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை போல. என்னையும் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

காமாட்சியம்மாள் ராட்டை முன்னால் இருந்தாள். அப்பா சயாமில் காலரா வந்து செத்துப்போனார், கூட இருந்த முசரவாக்கத்துக்காரர் ஒருத்தர் சொன்னார் என்று இந்திராணி சொன்னாள். குழியைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் சொல்லவில்லை. அந்த அம்மாள் ராட்டையை நிறுத்தாமல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வேற குடும்பம் இருந்துச்சாமா?"

"இல்லமா. என் பேரை அவர்கிட்ட சொல்லிக்கினு இருந்தாராம்."

கையில் இருந்த நூல் சுற்றி முடிகிற வரைக்கும் காமாட்சியம்மாள் எழுந்திருக்கவில்லை. பிறகு பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. தாலியைத் தானே கழற்றி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். சடங்கு செய்ய வந்த தெருப் பெண்களை உள்ளே விடவில்லை. செத்த நாள் தெரியாததால், மகாளய அமாவாசையன்று பங்காளி ஒருவரை வைத்துக் குளக்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ரேணுகாம்பாள் பள்ளிக்கு வரவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு இந்திராணி மறுபடியும் முசரவாக்கம் போனாள். அந்தப் பெண் அப்பாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். அவர் கையால் எடுத்து வைத்த சோற்றைத் தொடுவதில்லை. ஊர் வாய்க்கால் பக்கம் அவளைத் தனியாக அழைத்துப்போய் என்ன சொன்னாள் என்பதை இந்திராணி பிறகு என்னிடம் சொன்னாள்.

"உங்கப்பாவ மன்னிச்சிடுன்னு சொல்ல வரல. எனக்கே இன்னும் மனசு வரல. ஆனா அவர் சொல்லலன்னா எங்கம்மா சாகுற வரைக்கும் அந்தத் தெருப் பேச்ச கேட்டுக்கினே இருந்திருப்பாங்க. நீ ஸ்கூலுக்கு வா."

பெண் வந்தாள். மார்ச்சில் தேறினாள், பிறகு ஆசிரியப் பயிற்சிக்குப் போனாள். அப்பாவோடு பேசினாளா என்று எனக்குத் தெரியாது.

அதற்கு முன்பே, அந்த வருஷத் தீபாவளிக்குக் காமாட்சியம்மாள் எட்டு முழ வேட்டி ஒன்று வாங்கி வைத்தாள். கடைசி நேரத்தில் கட்டினவருக்குப் பக்கத்தில் இருந்த மனுஷன், அவருக்குக் கொடு என்றாள். இந்திராணி மறுக்க வழியில்லாமல் அதை ரேணுகாம்பாளிடம் கொடுத்தனுப்பினாள். தீபாவளி முடிந்து பள்ளி திறந்த அன்றே, கட்டின நூல்கூட அவிழாமல் வேட்டி திரும்பி வந்தது. அப்பா தொடமாட்டேன் என்றுவிட்டார் என்று பெண் சொன்னாள். இந்திராணி அதை ஓய்வறை அலமாரியில், பழைய தேர்வுத்தாள்களுக்கு அடியில் வைத்தாள். கட்டிக்கொண்டாரா என்று அம்மா கேட்டபோது, கட்டிக்கொண்டார் என்றாள்.

டிசம்பரில் வங்கச் சண்டை முடிந்தது. தலைமையாசிரியை பாடப்புத்தகத்துக்குத் திரும்பச் சொன்னார்கள். இந்திராணி மறுபேச்சில்லாமல் திரும்பினாள்.

1973 மாசியில் தணிகாசலம் இறந்த செய்தி, முசரவாக்கத்திலிருந்து படிக்க வந்த வேறொரு பெண் மூலமாகக் காலையிலேயே பள்ளிக்கு வந்தது. இந்திராணி அன்று ஐந்து வகுப்பும் எடுத்தாள். சாயங்காலம் மணி அடித்ததும், முசரவாக்கத்துக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று என்னைக் கேட்டாள். நாலரைக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று என்றேன். பையை எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் என்னோடு வந்தாள். பஸ் நிற்கிற பக்கம் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு வீட்டுக்கு நடந்தாள்.