தண்ணீர் போகாத குழாய்

நாரணாபுரத்தில் எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பி.எஸ்சி. இயற்பியல். தெருவில் யாரைப் பற்றியாவது எழுதுவதென்றால் என் பெரியப்பா மகள் அழகுமீனாவைப் பற்றித்தான் எழுதுவேன் என்று பல நாளாக நினைத்திருந்தேன். அவளிடமே கேட்டேன். "எழுதுலே. ஆனா ரேஷன் கார்டுல உள்ள போட்டோவை மட்டும் போட்டுறாத" என்றாள்.

பள்ளிக்கூடம் முடித்ததும் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறியவள் அக்கா. காகிதக் குழாய் சுருட்டுகிற வேலை. ஒரு மழைக்காலத்தில் கம்பெனி மூடிக் கிடந்தபோது, சிவகாசியில் வெள்ளைத்துரை அண்ணாச்சி நடத்தும் வண்ணமீன் கடைக்குத் தொட்டி கழுவப் போனாள். கம்பெனி திறந்த பிறகும் அவள் வேன் ஏறவில்லை. கழுவப் போன இடத்தில் கண்ணாடி ஒட்டக் கற்றுக்கொண்டாள். பிறகு மோட்டார் மாட்டினாள். கடைசியில் வீடு வீடாகப் போய்த் தொட்டிக்குக் குழாய் இழுத்துக் கொடுக்கிற ஆளாகிவிட்டாள். ஆர்டர் பிடிப்பது அண்ணாச்சி, வேலை முடிப்பது அக்கா.

அண்ணாச்சி விருதுநகரில் இன்னொரு கடை திறக்கப் போவதாகப் பேச்சு வந்தது. "அங்கன கல்லாவுல யாரு உக்காருவா அண்ணாச்சி?" என்று விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"நீதான் தாயி. வேற யாரு?" என்று பட்டென்று சொன்னார் அவர்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிப்போய், அண்ணாச்சி வாடகைக்குப் பிடித்திருந்த கடையை வெளியே நின்று பார்த்தாள். பக்கத்தில் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கிய கிட்டங்கி. "இந்த நெடியில மீனு தும்முமாலே? நீதான் படிச்சவனாச்சே, சொல்லு" என்றாள். கோவில்பட்டியிலிருந்து வந்த சம்பந்தத்துக்கும், கடை திறக்கட்டும், பிறகு வாங்க என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பெரியம்மாவுக்கு அதில் வருத்தம்தான்.

அந்தச் சமயத்தில்தான் லட்சுமிகாந்தம் முதலாளி வீட்டு வேலை வந்தது. காலண்டர் அச்சடிக்கிற பெரிய பிரஸ் அவருடையது. மாடி ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் ஆள் நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி. அதிலிருந்து வழிகிற தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கி, கார் ஷெட்டில் இருக்கும் இன்னொரு தொட்டியில் சுத்தமாகி, மோட்டாரில் மறுபடி மேலே ஏற வேண்டும். யாரோ போட்டுக் கொடுத்த பழைய குழாய் காற்றையும் தண்ணீரையும் சேர்த்து விழுங்கிக் களகளவென்று கத்தும். முதலாளி வடக்கே உள்ள ஏஜெண்டுகளோடு போனில் பேசுவது அந்தச் சோபாவில்தான். "பாத்ரூம்ல இருந்தா பேசுறீங்க?" என்று ஒருவர் கேட்டுவிட்டாராம். மனுஷனுக்கு மானம் போயிற்று. சத்தமில்லாமல் செய்து தர வேண்டும் என்றார்.

அக்கா பழையதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இரண்டு குழாய் இறக்கினாள். ஒன்றின் அடியில் வால்வு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தால், குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்து காற்றுக்கு இடமில்லாமல் போகும். காற்று இல்லையென்றால் சத்தமும் இல்லை. இன்னொரு குழாயின் வாய் மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் மேலே இருக்கும். அதில் தண்ணீரே போகாது. முதல் குழாய் அடைத்துக்கொண்டால் ஹால் நனையாமல் காப்பாற்றத்தான் அது. "எதுக்கும்மா வெட்டியா ஒண்ணு?" என்று முதலாளி கேட்டதற்கு, "பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்து ரூமுக்கு ஒரு வாசலோட விடுவாகளா முதலாளி? தப்பி ஓட ஒரு வழி காலியாக் கெடக்கணும்ல" என்றாள். அவர் தலையாட்டினார்.

வேலை முடிகிற நாள் அண்ணாச்சியும் வந்திருந்தார். அவரும் முதலாளியும் மாடியில் காபி குடித்துக்கொண்டிருக்க, அக்கா கீழே கார் ஷெட்டில் தனியாகக் குத்தவைத்து வால்வைத் திருகினாள். திருகுவது, காத்திருப்பது, மறுபடி திருகுவது. களகளப்பு குறைந்து சீறலாகி, சீறலும் அடங்கியது. அடங்கியதும் தண்ணீர் போகாத குழாயின் கீழ்வாய் வழியாக முதலாளியின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது. காலிக் குழாய் சத்தத்தைச் சிதறவிடாமல் கொண்டுவந்து சேர்க்கும். அதற்கு நான் காரணம் சொல்லிவிடுவேன். கேட்ட பேச்சுக்குத்தான் சொல்லத் தெரியவில்லை.

"விருதுநகர் கடைக்கு இந்தப் புள்ளையைத்தான் வைக்கப்போறேன்னு சொன்னியே, வெள்ளை?"

"அப்படிச் சொல்லி வச்சாத்தான் முதலாளி வேலை ஓடும். கடைக்கு என் மச்சினன் மணிமுத்து இருக்கான். அந்தத் தெருப் புள்ளையைக் கல்லாவுல உக்கார வச்சா, நம்ம சனம் உள்ள வருமா?"

டம்ளரை டவராவில் வைக்கிற சத்தம் மட்டும் வந்தது.

அக்கா வால்வை மேலும் அரைச் சுற்றுத் திருகி, சரியாக நிறுத்தினாள். கையைக் கழுவிக்கொண்டு மாடி ஏறினாள். ஹாலில் அப்படி ஓர் அமைதி. முதலாளிக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"அண்ணாச்சி, விருதுநகருக்கு நான் எப்ப வரணும்?" என்று கேட்டாள்.

"ஆவணி பொறக்கட்டும் தாயி. ஒனக்கில்லாத கடையா?" என்று சிரித்தார் அண்ணாச்சி. முதலாளி தொட்டிப் பக்கம் குனிந்து மீனைப் பார்க்கத் தொடங்கினார்.

"மேல பேசினதைக்கூடத் தாங்கிக்கிட்டேம்லே" என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னாள். "ஒருவேளை முதலாளிக்காகப் பேசினாரோன்னு நெனைச்சுத்தான் ஏறிப்போய்க் கேட்டேன். மூஞ்சிக்கு நேரா அதே சிரிப்பு சிரிச்சாரு பாரு. இத்தன வருசமும் இந்தச் சிரிப்பைத்தான் நம்பியிருக்கேன்."

மறுநாளிலிருந்து அவள் கடைக்குப் போகவில்லை. போன் அடித்துப் பார்த்துவிட்டு அண்ணாச்சியே பைக்கில் வந்தார். எங்கள் தெருவுக்குள் வந்து பழக்கமில்லாதவர், முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நின்றார். அக்கா போனாள். நானும் பின்னால் போனேன்.

"ஒடம்பு சரியில்லையா மீனா? சாத்தூர் பார்ட்டி காத்துக் கெடக்காக. அவுகளுக்கும் சத்தமில்லாத குழாய்தான் வேணுமாம்."

"மச்சினனைக் கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி. கடைதான் அவுகளுக்குன்னு ஆகிப்போச்சே. நான் எதுக்கு, தெருப் புள்ள?"

அவர் முகம் வெளுத்தது. வண்டிச் சாவியைக் கையில் எடுத்தார். பிறகு சொன்னார்: "முதலாளி சொன்னாராக்கும். எம்புட்டு நம்பிப் பேசினேன் அவருகிட்ட. இப்படிப் பண்ணிட்டாரே."

மனம் நொந்துதான் சொன்னார். துரோகம் தனக்குத்தான் நடந்ததுபோல. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர், அக்காவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை.

"குழாயில கேட்டேன்னு சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சொன்னா, ஒட்டுக் கேட்டியாம்பாரு. அப்புறம் தப்பு எம்மேல வந்துரும்."

விருதுநகர் கடை ஆவணியில் திறந்தது. மணிமுத்து உட்கார்ந்தார். அக்கா பழையபடி பட்டாசுக் கம்பெனி வேனுக்குப் பேர் கொடுத்துவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு காலையில் அவள் சோற்றுச் சட்டியைத் தூக்குப் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

"நாமளே ஒரு கடை போடுவோம்க்கா. பேங்க்குக்கு நான் அலையுறேன். வேலை தெரிஞ்ச ஆளு நீ."

"கல்லாவுல யாரு உக்காருவா?"

"நீதான். வேற யாரு?"

பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னையே பார்த்தாள். என் முகத்தில் எதையோ தேடுகிற பார்வை.

"அவரும் இப்படித்தாம்லே சொன்னாரு, பட்டுனு."

வேன் வந்து நின்றது. அவள் ஏறிக்கொண்டாள்.